லியாக்கோட பாட்டு பாஸ்க் மக்கள் பாட்டா ஆயிடுச்சு – இதை அஞ்சலினு சொல்லலாமா?

நரம்பிசை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. உலக இசைப் பகுதியில பாஸ்க் இசை பத்தி யாரும் பெருசா பேசினதில்ல, அதனால புது இழை.

ஸ்பெயினோட வடக்குல இருக்கற பாஸ்க் நாட்டுல ஊர்த் திருவிழாவோ தொழிலாளர் ஊர்வலமோ எதுன்னாலும் ஒரு பாட்டு கேக்கும், 'அகுரே சஹர்ரா'. வயசான பெரியவர் ஒருத்தரைப் பத்தின பாட்டு. அங்க இருக்கறவங்க பல பேருக்கு அது பாட்டன் காலத்து நாட்டுப்பாட்டு மாதிரி மனப்பாடம். ஆனா மெட்டு பாஸ்க் மெட்டே கிடையாது. கத்தலான் பாடகர் லூயிஸ் லியாக் 1968ல எழுதின 'லெஸ்தாக்கா' (முளைக்குச்சி) தான் அது. கொர்கா க்னோர்னு ஒரு பாடகர் 1976 வாக்குல அதை பாஸ்க் மொழியில பாடினார், அதுக்கப்புறம் பாட்டு அவர் கையிலயும் நிக்கல, ஊர் எடுத்துக்கிச்சு.

வெளியூர் பாடகருக்கு அஞ்சலினா பொதுவா என்ன பண்ணுவாங்க, பத்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டு பாடி அட்டையில அவர் படத்தைப் போட்டு ஒரு ஆல்பம் விடுவாங்க. இங்க அப்படி இல்ல, பாட்டு மட்டும் நின்னுடுச்சு, அவர் பேரு பாடறவங்க பாதி பேருக்கு ஞாபகமே வராது. என்னைக் கேட்டா ஒரு பாடகருக்கு இதை விட பெரிய மரியாதை இல்ல. நீங்க என்ன நினைக்கறீங்க?

பறையடி

நண்பா பாட்டு அருமை, ஆனா நீங்க சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. பேர் மறந்து போறதை மரியாதைனு சொல்லாதீங்க. பாட்டு கட்டினவன் பேரை விட்டுட்டு பாட்டை மட்டும் எடுத்துக்கறது எல்லா நாட்டுலயும் எளியவங்களுக்குத் தான் நடக்குது, காலங்காலமா கிராமத்துப் பாட்டுக்காரங்க கிட்ட இருந்து வாங்கி மேடையில 'மரபுப் பாடல்'னு போட்டுட்டாங்க, பாடின கிழவி பேரு எங்கயும் கிடையாது. லியாக் பெரிய ஆளு, அவருக்கு நஷ்டம் இல்லன்னு விட்டுடலாம், ஆனா பழக்கம் ஒண்ணு தானே?

கோதை

பாட்டுல என்ன சொல்லியிருக்குனு தெரியாம இதைப் பேச முடியாது, அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

கத்தலான்ல சிசெத் தாத்தானு ஒருத்தர் வர்றார். காலையில வாசல்ல உக்காந்து வெயில் வர்றதுக்காக காத்துக்கிட்டு, போற வண்டிகளைப் பாத்துக்கிட்டு பையன் கிட்ட பேசறார். நம்ம எல்லாரையும் கட்டிப் போட்டிருக்கற முளைக்குச்சி உங்களுக்குத் தெரியலையா சிசெத், இதுல இருந்து விடுபடலன்னா நம்மால நடக்கவே முடியாதேன்னு பையன் கேக்கறான். நீ அந்தப் பக்கம் இழு நான் இந்தப் பக்கம் இழுக்கறேன், எல்லாரும் சேர்ந்து இழுத்தா அது விழும், ரொம்ப நாள் தாங்காது, உள்ள மக்கிப் போயிருக்கும். இவ்வளவு தான் பல்லவி. ஸ்பெயின்ல சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஆட்சி நடக்கும்போது இதைப் பாடினா என்ன அர்த்தம்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. பாட்டைத் தடை பண்ணாங்க, அவர் வாசிக்க மட்டும் செஞ்சா கூட்டமே முழுசா பாடிடும்னு சொல்லுவாங்க.

சிசெத் கற்பனை ஆள் இல்ல. பெசலூங்கற சின்ன ஊர்ல நார்சிஸ் யான்சானு ஒரு முடிதிருத்தறவர், ஃப்ராங்கோவுக்கு எதிரா குடியரசுப் பக்கம் நின்ன பெரியவர். நார்சிஸ்ங்கறதோட செல்லப்பேரு தான் சிசெத். லியாக் அவர் கூட மீன் பிடிக்கப் போவாராம், அரசியல், மதம், வாழ்க்கைனு அவர் கிட்ட கேட்டு வளர்ந்தவர்.

மெட்டு மூணு எண்ணிக்கையில போகும், நம்ம கணக்குல திஸ்ரம். சரணம் கீழ ஸ்தாயியில கதை சொல்ற மாதிரி அடக்கமா நகரும், பல்லவி வந்ததும் குரல் மேல ஏறி 'விழும் விழும் விழும்'னு ஒரே சொல்லு திரும்பத் திரும்ப விழும். அந்த இடத்துல பாடத் தெரியாதவங்களும் சேர்ந்துக்குவாங்க. எனக்கு பாட்டு பிடிச்சதே அதனால தான், பயிற்சி இல்லாத குரலுக்கு இடம் விட்டுக் கட்டின மெட்டு அது.

வடகாற்று

பாஸ்க் நகரம் பில்பாவோல வேலை பார்த்திருக்கேன், அதனால கேட்டதை வச்சு சொல்றேன். அங்க இதை பாடகர் மேடையில பாடிக் கேட்டதை விட தெருவுல கேட்டது தான் அதிகம். திருவிழாவுல பித்தளை வாத்தியக் குழுக்கள் ராத்திரி வரைக்கும் தெருத் தெருவா போகும், நடுவுல இந்த மெட்டை எடுத்தா போதும், மதுக்கடை வாசல்ல நிக்கறவன், பிள்ளையைத் தோள்ல வச்சிருக்கறவன் எல்லாம் தோள் மேல கை போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டே பாடுவாங்க. என் கூட வேலை பார்த்த ஒருத்தர் கிட்ட இது கத்தலான் பாட்டு தானேன்னு கேட்டேன். ஆமா லியாக் பாட்டு, ஆனா எங்க பாட்டும் கூடன்னார். ரெண்டும் உண்மை தான்னு அவருக்கு எந்தக் குழப்பமும் இல்ல.

அதனால @பறையடி, பேரு சுத்தமா அழிஞ்சிடுச்சுனு நினைக்காதீங்க. அந்தத் தலைமுறைக்கு லியாக் யாருனு நல்லாவே தெரியும். சின்னவங்களுக்குத் தான் தெரியறதில்ல.

புதுவாசகன்

ஒரு சந்தேகம். கத்தலோனியாவும் பாஸ்க்கும் ரெண்டுமே ஸ்பெயின் தானே, அப்ப லியாக்கை வெளியூர் பாடகர்னு எப்படி சொல்றது?

நரம்பிசை

@புதுவாசகன் நல்ல கேள்வி தம்பி. ஒரே அரசு தான், ஆனா மொழி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. கத்தலான் லத்தீன் வழி மொழி, ஸ்பானிஷ், ஃப்ரெஞ்சு எல்லாத்துக்கும் சொந்தம். பாஸ்க்குக்கு உலகத்துல சொந்தம்னு நிரூபிச்ச மொழியே இல்ல. பாஸ்க் மட்டும் தெரிஞ்ச ஒருத்தருக்கு லியாக் பாடறதுல ஒரு வரி புரியாது. அதோட ரெண்டு மக்களுமே தங்களைத் தனி நாடாத் தான் நினைக்கறாங்க, அதனால அவங்க கண்ணுல அவர் பக்கத்து நாட்டுக்காரர்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஃப்ராங்கோ காலத்துல ரெண்டு மொழியையும் பள்ளிக்கூடத்துல இருந்தும் அலுவலகத்துல இருந்தும் துரத்தி விட்டாங்க, எல்லாரும் ஸ்பானிஷ்ல தான் பேசிக்கணும்னு கட்டாயம். அப்படி இருந்தும் ஒரு கத்தலான் பாட்டு நடுவுல ஸ்பானிஷைத் தொடாமலே பாஸ்க்குக்குப் போயிருக்கு. ஒடுக்கப்பட்ட ரெண்டு மொழி நேருக்கு நேர் கை கொடுத்துக்கிச்சு. க்னோருக்கு அது முடிஞ்சதுக்கு காரணமும் இருக்கு, அவர் பிறந்தது கத்தலோனியாவுல தாரகோனா, வாழ்ந்தது பாஸ்க் பக்கம் விட்டோரியா, அந்த ஊருக்கு பாஸ்க்ல காஸ்தெய்ஸ்னு பேரு. பின்னாடி அரசியலுக்குப் போய் பாஸ்க் நாடாளுமன்றத்துல துணைத் தலைவராவும் இருந்தார்.

கோதை

க்னோர் வரிகளைப் பத்தி ஒண்ணு சொல்லணும், அது அப்படியே மாத்தி எழுதினது இல்ல. லியாக் பாட்டுல வாசல்ல உக்காந்து வண்டி பாக்கற கிராமத்துக் காலை. பாஸ்க்ல பையன் விடிகாலையில வேலைக்குக் கிளம்பும்போது பெரியவர் தன் வீட்டு வாசல்ல நின்னு பேசறார். வேலைக்குப் போறவன் பாட்டா மாத்திட்டார். அங்க முளைக்குச்சி, இங்க நம்ம எல்லாரும் குடியிருக்கற ஒரு குடிசை, இதை நாமளே பிரிக்கலன்னா உள்ளயே நாசமாப் போவோம்ங்கறார். இழுக்கறதுக்குப் பதிலா இங்க தள்ளறாங்க, நீ அந்தப் பக்கத்துல இருந்து தள்ளு நான் இந்தப் பக்கத்துல இருந்து தள்ளறேன்னு.

காஸ்தெய்ஸ் அந்தக் காலத்துல வேகமா வளர்ந்த தொழிற்சாலை ஊர், வேற வேற மாகாணத்துல இருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய. அந்த ஊர்ல இருந்து வந்தவர் பாட்டுல ஆளு வேலைக்குக் கிளம்பறது எனக்கு ரொம்ப இயல்பாப் படுது.

பறையடி

@கோதை அக்கா இதைத் தான் நானும் சொல்ல வந்தேன். லியாக் பேரு மட்டுமா போச்சு, சிசெத் பேரும் போச்சு பாருங்க. லியாக் ஒரு சின்ன ஊர் முடிதிருத்தறவரோட பேரைப் பாட்டுலயே பதிச்சு வச்சார், உலகத்துல யாரும் கேள்விப்படாத ஒரு மனுஷன் பேரு லட்சம் பேர் வாயில வந்துச்சு, அது எவ்வளவு பெரிய காரியம். பாஸ்க்ல அவர் வெறும் 'ஒரு கிழவர்'. பாட்டோட உயிரே அந்தப் பேர்ல தான் இருக்குனு நான் நினைக்கறேன். அதை எடுத்தது எனக்கு வலிக்குது, நிஜமா சொல்றேன்.

வடகாற்று

பறையடி தோழர், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. சிசெத்னு பாடினா பாஸ்க்காரனுக்கு அது யாரோ ஒருத்தர். பேரில்லாத கிழவர்னு பாடினா அவன் அவனுக்கு அவன் அவன் தாத்தா ஞாபகம் வரும். உள்நாட்டுப் போர்ல தோத்துப் போய் வாய் திறக்காம வாழ்ந்த தாத்தாக்கள் பாஸ்க் கிராமத்துல வீட்டுக்கு வீடு இருந்தாங்க. பேரை எடுத்ததால தான் அந்த இடத்துல அவங்க உக்கார முடிஞ்சுது.

கடைசி சரணத்தையும் பாருங்க. ரெண்டு மொழியிலயும் தாத்தா செத்துப் போயிடறார், கெட்ட காத்து ஒண்ணு தூக்கிட்டுப் போயிடுச்சுனு வரும். லியாக் பாட்டுல புதுப் பசங்க அந்த வழியா போகும்போது தாத்தா கிட்ட கேட்டு வளர்ந்த பையன் கழுத்தை நீட்டி சிசெத்தோட கடைசிப் பாட்டைப் பாடறான். பாஸ்க்ல பசங்களைச் சுத்தி உக்கார வச்சு கிழவரோட பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படறான். பாட்டு எப்படிக் கைமாறணும்னு பாட்டே சொல்லுது, அவங்க அதைத் தான் செஞ்சிருக்காங்க.

இசைமடல்

இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், போலந்து கதை யாருமே சொல்லலையே, அதனால எழுதறேன், கொஞ்சம் நீளம் பொறுத்துக்கங்க.

யாசெக் காச்மார்ஸ்கினு ஒரு இளம் கவிஞர், லியாக்கோட கச்சேரி ஒலிப்பதிவைக் கேட்டு அந்த மெட்டுக்கு 1978ல போலிஷ்ல வார்த்தை போட்டார். பாட்டு பேரு 'முரி', சுவர்கள். அவர் மொழிபெயர்க்கல, சொந்தமா ஒரு கதை எழுதினார். ஒரு பாடகன் பாடறான், மக்கள் கூட்டம் கூட்டமா அவன் பாட்டை எடுத்துக்கறாங்க, சுவர் இடியும் இடியும்னு பாடிக்கிட்டே சிலைகளை உடைக்கறாங்க, தனியா நிக்கறவன் தான் எதிரினு கத்தறாங்க, கடைசியில பாடகன் தனியா நின்னு அந்தக் கூட்டத்தையே பாக்கறான், சுவர்கள் இடியல, வளருது வளருதுனு முடியும். ஒரு பாட்டை கூட்டம் எடுத்துக்கிட்டா அதைப் பாடினவனுக்கு என்ன ஆகும்ங்கற பயம் தான் அந்தப் பாட்டே.

அடுத்து என்ன நடந்துச்சுனா 1980ல கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து சாலிடாரிட்டிங்கற தொழிலாளர் இயக்கம் வந்துச்சு, தொழிலாளர்கள் எல்லாம் இந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க, கடைசி சரணத்தை விட்டுட்டு சுவர் இடியும்ங்கறதோட நிறுத்திட்டாங்க. அவர் பாட்டுல எழுதினது அவருக்கே நடந்துச்சு. காச்மார்ஸ்கி 2004ல இறந்துட்டார், இன்னைக்கும் போலந்துல பாதி பேர் அதை வெற்றிப் பாட்டாத் தான் பாடறாங்க. போலிஷ்ல இருந்து பெலாரஷ்ய மொழிக்கும் போய் 2020ல பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்ல போராட்டம் நடந்த தெருக்கள்ல கேட்டுச்சு. ஃப்ரான்ஸ்ல பெர்பின்யான் ரக்பி அணியோட ரசிகர்கள் மைதானத்துல கத்தலான்லயே பாடறாங்க.

@பறையடி அண்ணா, போலந்துல நடந்தது தான் நீங்க சொல்ற பறிப்பு. எழுதினவர் சொல்ல வந்ததை வெட்டிட்டுப் பாடினாங்க. பாஸ்க்ல அப்படி இல்லையே, தாத்தா, பையன், மக்கின கட்டடம், சேர்ந்து தள்ளறது, சாவு, அடுத்த தலைமுறைனு எல்லாமே அப்படியே இருக்கு. பேரு போனது ஒரு குறை, கருத்து போறது வேற விஷயம். இது ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.

பறையடி

@இசைமடல் அந்த வித்தியாசம் எனக்கும் புரியுது தம்பி, முரி கதை மனசை என்னமோ பண்ணுது. ஆனா வெட்டாம பாடினாங்கங்கறதுக்காக பேர் சொல்ல வேண்டாம்னு ஆகிடாது. கச்சேரி மேடையில ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மலைத்தேன்

இழையில ரொம்ப முக்கியமான ஒண்ணு விட்டுப் போச்சுனு நினைக்கறேன். பாஸ்க்காரங்க லியாக்குக்கு செஞ்சதைப் பத்தி மட்டும் பேசறோம், லியாக் அவங்களுக்கு செஞ்சதை யாரும் சொல்லல.

1976 மார்ச் 3. ஃப்ராங்கோ செத்து நாலு மாசம் கூட ஆகல. காஸ்தெய்ஸ்ல பல தொழிற்சாலைகள்ல ரெண்டு மாசமா வேலைநிறுத்தம், அன்னைக்கு ஊரே முழுசா நின்னுடுச்சு. சரமாகாங்கற தொழிலாளர் பகுதியில சான் ஃப்ரான்சிஸ்கோ தேவாலயத்துக்குள்ள ஆயிரக்கணக்குல கூடிக் கூட்டம் போட்டாங்க. போலீஸ் சுத்தி வளைச்சு கண்ணீர்ப்புகை குண்டை உள்ள வீசினாங்க, மூச்சு முட்டி வெளிய ஓடி வந்தவங்களைத் துப்பாக்கியால சுட்டாங்க. அஞ்சு தொழிலாளிகள் செத்தாங்க, அதுல ஒருத்தனுக்கு வயசு 17. நூறு பேருக்கு மேல காயம். அன்னைக்கு போலீஸ் வயர்லெஸ்ல பேசினது ஒலிப்பதிவா இருக்கு, நாம பண்ணது படுகொலைனு அவங்களே பேசிக்கறது கேக்கும்.

இந்தச் செய்தி கேட்டு லியாக் எழுதினது தான் 'கம்பனாதஸ் அ மோர்ச்', சாவு மணியோசை. 1977ல அதே பேர்ல ஆல்பம் வந்துச்சு, எல்பி தட்டோட ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரு படைப்பு மட்டும் தான். கூட்டிசைக் குரல், வாத்தியக்குழு எல்லாம் உண்டு, இசை அமைப்புல மானெல் காம்ப் கூட இருந்தார். ரேடியோவுக்கு மூணு நிமிஷப் பாட்டு கொடுக்கற வேலையே இல்ல, செத்தவங்களுக்குப் பண்ற திருப்பலி மாதிரி நிதானமா நடக்கும். நடுவுல கொலைகாரங்களேன்னு நேரா கூப்பிடற இடம் வரும், அது வரைக்கும் அடக்கி வச்ச குரல் அங்க உடைஞ்சு வெளிய வரும். மனசு சரியில்லாத நாள்ல அதைக் கேக்காதீங்கன்னு தான் சொல்லுவேன்.

ஒரே ஒரு விவரம் கவனிங்க. பாட்டுல மூணு பிள்ளைகள், மூணு கறுப்பு மணிகள்னு வரும். செத்தவங்க அஞ்சு பேராச்சேன்னு தோணும். செய்தி வந்தப்போ செத்தது மூணு பேர், காயப்பட்டவங்கள்ல இன்னும் ரெண்டு பேர் அப்புறமா இறந்தாங்க. ஆல்பம் 1977ல தான் வந்துச்சு, நினைச்சிருந்தா அஞ்சுனு மாத்தியிருக்கலாம், மாத்தல. செய்தி காதுல விழுந்த அந்த நேரம் பாட்டுக்குள்ள அப்படியே இருக்கு.

நரம்பிசை

@மலைத்தேன் இந்த விவரத்தை நான் கவனிச்சதே இல்ல, நன்றி. அப்ப க்னோர் பாட்டும் அதே 1976, அதே ஊர்க்காரர். ஒரு கத்தலான் பாட்டு காஸ்தெய்ஸ்காரர் வாயில பாஸ்க்கா மாறுது, காஸ்தெய்ஸ்ல விழுந்த பிணங்களுக்கு கத்தலான்ல பாட்டு பிறக்குது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்.

மலைத்தேன்

ஆமா, அதனால தான் இதை ஒரு பக்கத்து அஞ்சலியா பாக்கக் கூடாதுங்கறேன். இன்னொண்ணும் சேர்த்துக்கங்க. 2006ல, முப்பது வருஷம் கழிச்சு, லியாக் அதே காஸ்தெய்ஸுக்குப் போய் அந்தப் படைப்பை முழுசா நிகழ்த்தினார். வாத்தியக்குழு, கூட்டிசைக் குழு எல்லாத்தோடயும் ஃபெர்னாந்தோ புவேசா அரங்கத்துல. அந்தக் கச்சேரிக்கு அவர் தயாராகறதையும் 1976ல என்ன நடந்துச்சுங்கறதையும் சேர்த்து 'லா ரெவோல்தா பெர்மனென்ட்'னு ஒரு ஆவணப்படம் வந்துச்சு, லூயிஸ் தனேஸ் எடுத்தது. அதுல அன்னைக்கு உயிர் பிழைச்சவங்க, செத்தவங்க குடும்பத்துக்காரங்க எல்லாம் பேசுவாங்க. அடுத்த வருஷம் 2007ல வெர்ஜஸ்ல, தன் சொந்த ஊர்ல, கடைசிக் கச்சேரி பண்ணிட்டு மேடையை விட்டுட்டார். மேடையை விடறதுக்கு முன்னாடி காஸ்தெய்ஸ் கடனை அடைச்சுட்டுத் தான் போனார்னு நான் எடுத்துக்கறேன்.

அந்த அஞ்சு பேர் சாவுக்கு ஸ்பெயின்ல இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை கிடையாது. ஒவ்வொரு மார்ச் 3க்கும் காஸ்தெய்ஸ்ல ஊர்வலம் போறாங்க.

புதுவாசகன்

படிக்கப் படிக்க ஒரு மாதிரி ஆகுது. லியாக் மட்டும் தான் இப்படியா, இல்ல கத்தலான் பாஸ்க் பாடகர்களுக்கு நடுவுல முன்னாடியே பழக்கம் உண்டா?

வடகாற்று

முன்னாடியே உண்டு தம்பி. பார்சலோனாவுல 1961ல 'எல்ஸ் செட்ஸா ஜுட்ஜஸ்'னு பாடகர் குழு ஆரம்பிச்சுது, பதினாறு நீதிபதிகள்னு பேரு, பதினாறாவதா கடைசியா சேர்ந்தவர் தான் லியாக், 1967ல. பாஸ்க் பாடகர் மிகெல் லபோவா, தொழில் முறையில டாக்டர், குழந்தைகளுக்கான மனநல மருத்துவம் பார்த்தவர், 60கள்ல பார்சலோனாவுல இருந்தப்போ இவங்க பண்றதைப் பார்த்தார். நம்ம மொழியிலயும் இதைப் பண்ணலாமேன்னு தோணியிருக்கு. ஊர் திரும்பி 1966ல பெனிதோ லெர்ச்சுந்தி, லூர்தெஸ் இரியோந்தோ, ஷபியெர் லெத்தே இவங்களோட எல்லாம் 'எஸ் தோக் அமாய்ரு' குழு. அதுக்குப் பேர் வச்சது சிற்பி ஒதெய்சா. 1972 வரைக்கும் இருந்துச்சு. சலபார்த்தாங்கற மரப்பலகை வாத்தியம் அழியற நிலையில இருந்துச்சு, ஆர்ட்செ சகோதரர்கள் அதை இந்தக் குழு மேடைக்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கட்டையால பலகையை இடிப்பாங்க, ஒருத்தர் விட்ட இடைவெளியில இன்னொருத்தர் அடி விழணும். கேட்டா உடம்பு அதிரும்.

வலென்சியாக்காரர் ராய்மோனும் கத்தலான்ல பாடறவர், அவர் 60கள்லயே 'பாயிஸ் பாஸ்க்'னு பாட்டு எழுதினார். பச்சையோட எல்லா நிறமும் அங்க இருக்குனு வரும். அந்தக் காலத்துல பாஸ்க் நாடுனு பேர் சொல்றதே துணிச்சல்.

இசைமடல்

லபோவானதும் ஜோன் பயஸ் ஞாபகம் வந்துட்டாங்க. 1988ல அந்த அம்மா பில்பாவோ காளைச்சண்டை மைதானத்துல கச்சேரி பண்ணாங்க, அது அடுத்த வருஷம் ஆல்பமா வந்துச்சு. அதுல லபோவாவோட 'சோரியா சோரி'யை பாஸ்க் மொழியிலயே பாடியிருக்காங்க. ஜோஷெயான் ஆர்ட்செ எழுதின ரொம்பச் சின்னப் பாட்டு, றெக்கையை வெட்டியிருந்தா பறவை என்னோடவே இருந்திருக்கும், ஆனா அது பறவையாவே இருந்திருக்காதுங்கறது தான் மொத்தக் கருத்தும். எங்கயோ அமெரிக்காவுல இருந்து வந்தவங்க தனக்குத் தெரியாத மொழியில உச்சரிப்பைக் கத்துக்கிட்டுப் பாடறாங்க, கூட்டம் சேர்ந்து பாடுது. பறவை பாட்டு இந்த விவாதத்துக்கும் பொருந்தும்னு எனக்குத் தோணுது, இது என் பாட்டுனு கட்டி வச்சுக்கிட்டா பாட்டு பறக்காது.

பறையடி

பயஸ் அம்மா லபோவா பாட்டைப் பாடினதால லபோவா பேரு அமெரிக்கா வரைக்கும் போச்சு, ஆல்பம் அட்டையில எழுதினவங்க பேரும் இருக்கும். நான் கேக்கறதும் அது தான், பறக்கட்டும், கூடவே எந்தக் கூட்டுல இருந்து வந்துச்சுனு சொல்லிடுங்க. மலைத்தேன் சொன்னதைப் படிச்ச பிறகு எனக்கு இது இன்னும் கெட்டியாத் தான் தோணுது. காஸ்தெய்ஸ்ல செத்தவங்களுக்காக தட்டோட ஒரு பக்கம் முழுக்க எழுதின மனுஷன் அவர். அந்த ஊர்ப் பசங்களாவது அகுரே சஹர்ரா பாடும்போது லியாக் பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

கோதை

இதுல நான் பறையடி பக்கம். தெருவுல கூடிப் பாடற கூட்டத்துக்கிட்ட போய் பேர் சொல்லுனு கேக்க முடியாது, அது அவங்க மூச்சோட வர்ற பாட்டு. மேடையில பாடறவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கறவங்களுக்கும் மட்டும் அந்தப் பொறுப்பு உண்டு. கடைசி சரணத்துல பசங்களுக்கு பாட்டைச் சொல்லிக் கொடுக்கறான்ல, அப்ப இது கிழவரோட பாட்டுனு சொல்லித் தானே கொடுக்கறான்.

வடகாற்று

கோதை சொல்றது நியாயம். ஆனா தெருவுல பாடறவங்களை இதுக்குள்ள இழுக்காதீங்கங்கறதுல நான் மாற மாட்டேன். மொழியையே ஒடுக்கின காலம் முடியற நேரத்துல வந்த ஒரு பாட்டு ஐம்பது வருஷம் வாழ்ந்திருக்குன்னா அது அந்தத் தெருவால தான்.

மலைத்தேன்

நான் இருக்கறது ஜெர்மனி, எங்க பகுதியில ஒரு கூட்டிசைக் குழு இருக்கு, வேற வேற நாட்டுக்காரங்க வார இறுதியில கூடிப் பாடுவோம். வர்ற கோடையில லெஸ்தாக்கா பாடலாம்னு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு, குழுவுல போலந்துக்காரங்க இருக்காங்க, பாஸ்க் பொண்ணு ஒருத்தி இருக்கா. இந்த இழையைப் படிச்சிட்டு அவங்க கிட்ட பேசினேன். முதல் சரணம் கத்தலான்ல, ரெண்டாவது பாஸ்க்ல, மூணாவது போலிஷ்ல பாடலாம்னு முடிவாகியிருக்கு. போலிஷ்ல கடைசி சரணத்தையும் விடாம பாடணும்னு போலந்துக்காரரே பிடிவாதமா சொல்லிட்டார், சுவர் வளருதுங்கற இடத்துல குரலை இறக்கிட்டு அதுக்கப்புறம் எல்லாரும் கத்தலான் பல்லவிக்குத் திரும்பறதா யோசனை. நிகழ்ச்சித் தாள்ல லியாக், க்னோர், காச்மார்ஸ்கி மூணு பேரும் இருப்பாங்க, நார்சிஸ் யான்சா, பெசலூ ஊர் முடிதிருத்தறவர்னு தனி வரியும் போடச் சொல்லியிருக்கேன்.

@கோதை, பாஸ்க் சரணத்துக்கு சுருதி கொஞ்சம் இறக்கினா ஆண் குரலுக்கு நல்லா இருக்குமா? எங்க கிட்ட தாழ்ந்த குரல்கள் தான் அதிகம். பல்லவியில எல்லாரும் ஏறணும், அங்க கஷ்டப்படக் கூடாது.

கோதை

இறக்குங்க, ஒண்ணரை ஸ்வரம் வரைக்கும் தாராளமா இறக்கலாம், பல்லவியோட உச்சி எல்லாருக்கும் எட்டற இடமா இருக்கணும் அவ்வளவு தான். சரணத்தை ஒருத்தர் மட்டும் பாடட்டும், பேசற மாதிரி, அவசரப்படாம. மூணு எண்ணிக்கையில முதல் அடியை ரொம்ப அழுத்தினா வால்ட்ஸ் நடனமா ஆயிடும், அதைத் தவிருங்க. ஒத்திகைப் பதிவு இருந்தா இங்க போடுங்க, கேக்கறோம்.

பறையடி

மலைத்தேன் அந்த நிகழ்ச்சித் தாள் அச்சானதும் படம் எடுத்துப் போடுங்க, யான்சா பேர் இருக்கற வரியைப் பாக்கணும்.